தொட்டிக்குள் இருப்பது மண் அல்ல!

தினமும் தவறாமல் தண்ணீர் ஊற்றப்பட்ட ஒரு செடி, தாகத்தில் செத்துப்போக முடியுமா?

முடியும். அம்பத்தூரை ஒட்டிய மேனாம்பேட்டில் அப்படி ஒரு மரணம் நிகழ்ந்தது. போஸ்ட்மார்ட்டம் செய்த இருவரில் நானும் ஒருவன்!

நண்பருக்கு அங்கே இரண்டாவது மாடியில் ஃப்ளாட். பால்கனியில் பத்துப் பன்னிரண்டு தொட்டிகள். நடுவில் ராணி மாதிரி ஒரு ஆந்தூரியம். சிவப்பு பிளாஸ்டிக்கில் செய்து வைத்தது போலப் பூக்குமே, அதுதான். நர்சரியிலிருந்து வந்த தொட்டியை மாற்றாமல் அப்படியே வைத்திருந்தார். காலையில் ஒரு மக் தண்ணீர், சாயந்திரம் ஒரு மக். நடுவில் குடும்பத்தோடு ஒரு வாரம் திருச்செந்தூர், கன்னியாகுமரி என்று போய்விட்டு வந்தார். திரும்பி வந்தால் செடி வாடிக் கிடக்கிறது. பதறிப்போய் மூன்று வேளையாகக் கூட்டினார். ஊற்றிய வேகத்தில் தண்ணீர் அடித்தட்டில் வழிவதைப் பார்த்து, 'சரி, வயிறு நிறைஞ்சிடுச்சு' என்று நிம்மதி அடைந்தார். இரண்டே வாரம். செடி காலி!

“வேர் அழுகிடுச்சு போலிருக்குங்க. தண்ணி ஜாஸ்தியா ஊத்திட்டேன்” என்றார் குற்ற உணர்ச்சியோடு.

தொட்டியைக் கவிழ்த்துத் தட்டினோம். தொட்டியின் வடிவத்திலேயே ஒரு பழுப்புக் கட்டி வந்து விழுந்தது. வெளிப்பக்கம் ஈரம். கையால் இரண்டாகப் பிளந்தால்... உள்ளே மூக்குப்பொடி! அவ்வளவு உலர்வு. ஊற்றிய தண்ணீரெல்லாம் கட்டிக்கும் தொட்டிச் சுவருக்கும் இடையே இருந்த சந்தில் இறங்கி, கீழ் ஓட்டை வழியாக நேராகத் தட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. வேருக்கு ஒரு சொட்டுக் கூடக் கிடைக்கவில்லை.

அந்தப் பழுப்புச் சமாசாரத்தின் பெயர் பீட். அது எப்படித் தொட்டிக்குள் வந்தது என்பது ஒரு சுவாரஸ்யமான கதை. அதில் ஒரு கொலை கூட உண்டு. கொலையிலிருந்தே தொடங்குவோம்.

1950, மே மாதம். டென்மார்க்கில் சில்க்கபோர்க் என்ற ஊருக்கு அருகே ஒரு சதுப்பு நிலம். அடுப்பெரிக்க பீட் வெட்டிக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தின் மண்வெட்டியில் ஏதோ தட்டுப்பட்டது. ஒரு மனிதனின் முகம்! கண்களை மூடி, ஏதோ யோசனையில் இருப்பது போன்ற முகம். தாடையில் முள்முள்ளாக முடி. தலையில் தோல் குல்லாய். கழுத்தில் சுருக்குக் கயிறு. 'அட, யாரோ சமீபத்தில்தான் கொன்று புதைத்திருக்கிறார்கள்' என்று அலறியடித்துக்கொண்டு போலீஸுக்குச் சொன்னார்கள். போலீஸ் வந்தது. கூடவே தொல்லியல் நிபுணர்களும் வந்தார்கள். ஆய்வின் முடிவு: அந்த ஆள் இறந்து சுமார் 2,400 வருடங்கள் ஆகியிருந்தன! கடைசியாகச் சாப்பிட்ட பார்லிக் கஞ்சி கூட வயிற்றில் பத்திரமாக இருந்தது. டோலுண்ட் மனிதன் என்று பெயர் வைத்து இன்றும் சில்க்கபோர்க் மியூசியத்தில் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள்.

அப்படிக் கெடாமல் காப்பாற்றியது பீட்தான். குளிர்நாட்டுச் சதுப்புகளில் ஸ்பாக்னம் என்றொரு பாசி வளரும். தன் எடையைப் போல இருபது மடங்கு வரை தண்ணீரைக் குடித்துவிட்டு ஸ்பாஞ்சு போல உப்பி நிற்கும். (முதல் உலகப்போரில் பஞ்சுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, இந்தப் பாசியைத்தான் காயங்களுக்குக் கட்டினார்கள்.) பாசி செத்தால் தண்ணீருக்கடியில் போகும். அங்கே காற்று இல்லை, புளிப்போ அதிகம். மட்க வைக்கும் நுண்ணுயிர்களுக்கு அங்கே வேலை இல்லை. ஆகவே முழுதாக மட்காமல் அடுக்கடுக்காகச் சேர்ந்துகொண்டே போகும். வருடத்துக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர். ஒரு மீட்டர் ஆழத்துக்குச் சேர ஆயிரம் வருடம் வேண்டும்!

ஏதோ ஐரோப்பிய விவகாரம் என்று நினைக்காதீர்கள். நம் ஊட்டியிலும் பீட் இருக்கிறது. நீலகிரியின் புல்வெளிப் பள்ளத்தாக்குகளில், ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லாவில் எடுத்த பீட்டை ஆராய்ந்து, கடந்த இருபதாயிரம் வருடங்களில் தென்னிந்தியாவின் பருவமழை எப்படியெல்லாம் ஏறி இறங்கியது என்று ஆர். சுகுமார் உள்ளிட்ட விஞ்ஞானிகள் கணக்குச் சொன்னார்கள். 1993-ல் 'நேச்சர்' இதழில் வந்தது அந்தக் கட்டுரை. நமக்குச் செடி வளர்க்கும் சரக்கு. அவர்களுக்கு மழைக்கணக்கு எழுதிய பழைய நோட்டுப் புத்தகம்!

சரி, இது பூந்தொட்டிக்குள் எப்படி நுழைந்தது?

நூறு வருடத்துக்கு முன்பு வரை தொட்டி என்றால் சுட்ட மண் தொட்டி. உள்ளே இருப்பதும் மண். இங்கிலாந்தின் பெரிய தோட்டங்களில் தலைமைத் தோட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு ரகசிய மண்கலவை உண்டு. நம் ஊர் சாம்பார் பொடி மாதிரி, கைப்பக்குவத்தை வெளியில் சொல்ல மாட்டார்கள். தண்ணீர் ஊற்றுவதற்கும் ஒரு சூட்சுமம் வைத்திருந்தார்கள். நீளக் குச்சியின் நுனியில் ஒரு மரக்கட்டை. அதனால் ஒவ்வொரு தொட்டியையும் தட்டிக்கொண்டே போவார்கள். 'டங்' என்று கணீர் ஒலி வந்தால் உள்ளே காய்ந்திருக்கிறது, தண்ணீர் தேவை. 'தொப்' என்று மந்தமாகச் சத்தம் வந்தால் ஈரம் இருக்கிறது, அடுத்த தொட்டிக்குப் போகலாம். கடையில் பானையைச் சுண்டிப் பார்த்து வாங்குவோமே, அதே வித்தைதான். கவனியுங்கள், எல்லாத் தொட்டிக்கும் தினமும் சரிசமமாக ஒரு மக் என்ற பேச்சே அங்கே இல்லை. கேட்ட தொட்டிக்கு மட்டும்தான் தண்ணீர்.

நாம் இன்று பிடிக்கும் பூவாளிக்கும் ஒரு குட்டிக் கதை உண்டு. ஜான் ஹாஸ் என்றொரு ஆங்கிலேயர் மொரீஷியஸ் தீவில் வேலை பார்த்தார். பொழுதுபோக்காக வெனிலா வளர்த்தார். அங்கே கிடைத்த பிரெஞ்சு வாளியைத் தூக்கினால் ஒரு பக்கமாகச் சாயும், சாய்த்தால் கொட்டும். கடுப்பாகிப்போய், மேலிருந்து பின்பக்கம் வரை ஒரே வளைவாகக் கைப்பிடி வைத்து, நீள மூக்கும் வைத்து புதிதாக ஒன்றைச் செய்து 1886-ல் பேட்டன்ட் வாங்கினார். அந்த வடிவம் இன்றுவரை பெரிதாக மாறவில்லை.

தொட்டி மண்ணுக்கு வருவோம். லண்டனுக்குத் தெற்கே மெர்ட்டன் என்ற கிராமம். அதை வளைத்துப் போட்டு, வீடுகள் கட்டிப் புறநகராக்கிய ரியல் எஸ்டேட் புள்ளி ஜான் இன்னஸ். 1904-ல் இறந்தபோது தன் சொத்தைத் தோட்டக்கலைக்கு எழுதி வைத்தார். 1910-ல் அங்கே ஓர் ஆராய்ச்சி நிலையம் வந்தது. 1930-களில் அந்த ஆராய்ச்சியாளர்களுக்கு ஒரு தலைவலி. ஆராய்ச்சிக்காக வளர்த்த பிரிமுலா நாற்றுகள் கொத்துக்கொத்தாகச் செத்து விழுந்தன. லாரன்ஸ், நியூவெல் என்ற இருவர் உட்கார்ந்து யோசித்தார்கள். மண்ணிலுள்ள கிருமிதான் வில்லன் என்று முடிவுக்கு வந்து, மண்ணை இட்லி அவிப்பது போல நீராவியில் அவித்தார்கள். பிறகு நூற்றுக்கணக்கான கலவைகளைச் சோதித்து ஒரு ஃபார்முலாவைப் பிடித்தார்கள். அவித்த தோட்ட மண் ஏழு பங்கு, பீட் மூன்று பங்கு, பருமணல் இரண்டு பங்கு, கொஞ்சம் உரம். ரகசியம் எதுவும் இல்லை. யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம் என்று அச்சடித்தே வெளியிட்டார்கள். 'ஜான் இன்னஸ் கம்போஸ்ட்' என்ற பெயரில் உலகம் முழுக்கப் பரவியது.

அந்தக் கலவையில் மண்தான் கதாநாயகன். பீட் துணை நடிகர். ஆனால் நல்ல மண்ணுக்கு எங்கே போவது? மேய்ச்சல் நிலத்தில் புல்லோடு பெயர்த்தெடுத்து, மாதக்கணக்கில் அடுக்கி வைத்துப் பக்குவப்படுத்த வேண்டும். ஊர்கள் பெருத்தன, புல்வெளிகள் வீடுகளாயின, ஆள்கூலி ஏறியது. ஒரு லோடு மண் போல இன்னொரு லோடு இருப்பதுமில்லை. 1957-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், மண்ணே வேண்டாம், மெல்லிய மணலும் பீட்டும் போதும் என்று ஒரு கையேடு போட்டது. அடுத்த பத்தாண்டுக்குள் அமெரிக்காவின் கார்னல் பல்கலைக்கழகம் மணலையும் கழற்றிவிட்டது. பீட்டோடு வெர்மிகுலைட் அல்லது பெர்லைட். லாரியில் ஏற்ற இறகு மாதிரி லேசு. அதே சமயம் மண் தொட்டி போய் பிளாஸ்டிக் தொட்டி வந்தது.

வியாபாரிகளுக்குக் கொண்டாட்டம். வீட்டில் செடி வளர்ப்பவருக்கு ஒரு விஷயம் மட்டும் யாரும் சொல்லவில்லை. தொட்டியில் இருப்பது இனி மண் அல்ல. மண்ணுக்கு ஊற்றிய மாதிரி இதற்குத் தண்ணீர் ஊற்ற முடியாது!

என்ன வித்தியாசம்? மண் காய்ந்தால் மறுபடி தண்ணீரை வாங்கிக்கொள்ளும். கொஞ்சம் முரண்டு பிடித்தாலும் வாங்கிவிடும். பீட் ஈரமாக இருக்கும்வரை தங்கமான பிள்ளை. முழுக்கக் காய்ந்துவிட்டதோ, ஆளே மாறிவிடும். அதன் துகள்களின் மேல் மெழுகு மாதிரியான ஒரு பூச்சு உருவாகி, தாமரை இலை போலத் தண்ணீரை உருட்டித் தள்ளும். காயும்போது சுருங்கவும் செய்வதால் தொட்டிச் சுவரை விட்டு விலகி நிற்கும். அந்தச் சந்துதான் மேனாம்பேட்டு ஆந்தூரியத்துக்கு எமன். நண்பர் ஊர் சுற்றிய அந்த ஒரு வாரத்தில்தான் விதி எழுதப்பட்டுவிட்டது. பிறகு அவர் எத்தனை வேளை ஊற்றியிருந்தாலும் அது தட்டைக் கழுவியதற்குச் சமம்.

மேலிருந்து ஊற்றி ஜெயிக்க முடியாத இந்த ஆசாமியை வழிக்குக் கொண்டுவர ஒரே உபாயம், தொட்டியோடு வாளித் தண்ணீரில் உட்கார வைப்பது. முதலில் மிதக்கும். பிடித்துக்கொள்ளுங்கள். குபுகுபுவென்று குமிழ் வரும். குமிழ் நின்று, தொட்டி கனத்த பிறகு தூக்கி, வடியவிட்டு, இடத்தில் வைக்கலாம். அரை மணி நேரம் ஆகலாம், கூடவும் ஆகலாம். மற்ற நாட்களில் ஒரே மூச்சில் மக்கைக் கவிழ்க்காமல், கொஞ்சம் ஊற்றிவிட்டு, காபி குடித்துவிட்டு வந்து மீதியை ஊற்றினால் போதும். முதல் தண்ணீர் வழியைத் திறந்து வைக்கும், இரண்டாம் தண்ணீர் உள்ளே போகும். பீட் முழுக்கக் காய விடாமல் இருப்பது எல்லாவற்றையும் விட உத்தமம்.

இன்னொரு பழக்கத்தையும் கேள்வி கேட்டே ஆக வேண்டும். தொட்டியின் அடியில் ஒரு கை ஜல்லியோ ஓட்டாஞ்சில்லோ பரப்பினால் தண்ணீர் நன்றாக வடியும் என்று நம் பாட்டி முதல் இங்கிலாந்துத் தோட்டக்காரர் வரை எல்லோரும் நம்பினார்கள். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நனைத்து, படுக்கை வாட்டத்தில் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும், அப்படியே செங்குத்தாகத் திருப்புங்கள். மறுபடி தண்ணீர் கொட்டும்! ஸ்பாஞ்சு அதேதான், தண்ணீரும் அதேதான். உயரம்தான் மாறியது. எந்தத் தொட்டியிலும் கடைசி சில விரற்கடை உயரத்துக்கு, எத்தனை ஓட்டை போட்டாலும் வடியாத தண்ணீர் ஒன்று தேங்கி நிற்கும். பொடியான கலவையில் அது இன்னும் உயரமாக நிற்கும். அடியில் ஜல்லி போட்டால், தேங்கும் தண்ணீர் ஜல்லிக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். வேருக்கான இடம்தான் குறையும். ஓட்டையை அடைக்க ஒரே ஒரு ஓட்டாஞ்சில்லு போதும். ஆக, பீட் தொட்டியில் மேலும் நடுவும் காய்ந்து, அடி மட்டும் சொதசொதவென்று இருப்பது அதிசயமே இல்லை.

இதற்கிடையில் ஐரோப்பாவில் வேறொரு குரல் எழுந்தது. ஆயிரம் வருடம் சேர்ந்ததை ஒரு சீசன் பூச்செடிக்காக வெட்டியெடுக்கிறோமே, நியாயமா? உலக நிலப்பரப்பில் சுமார் 3 சதவிகிதம்தான் பீட் நிலம். ஆனால் அதற்குள் புதைந்திருக்கும் கரிமம், உலகக் காடுகள் அத்தனையிலும் இருப்பதைவிட அதிகம். வெட்டிக் காயவைத்தால் அது கரியமில வாயுவாகக் கிளம்பிவிடும். வீட்டுத் தோட்டங்களுக்கு பீட் விற்பதை 2024-க்குள் தடை செய்யப்போவதாக 2022-ல் பிரிட்டிஷ் அரசு அறிவித்தது. 2024 வந்தது, போனது. சட்டம் வரவில்லை. அரசாங்கங்கள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான்!

பீட்டுக்கு மாற்று எங்கே இருந்தது தெரியுமா? நம் பொள்ளாச்சியில், ரோட்டோரக் குப்பையாக!

கயிறு என்ற நம் சொல்லைத்தான் வெள்ளைக்காரர்கள் 'காயர்' ஆக்கினார்கள். 1859-ல் ஆலப்புழையில் ஜேம்ஸ் டாரா என்பவர் கயிற்றுப்பாய்த் தொழிற்சாலை தொடங்கியதிலிருந்து நாருக்கு உலகச் சந்தை. ஆனால் தேங்காய் மட்டையில் நார் மூன்றில் ஒரு பங்குதான். மீதி மூன்றில் இரண்டு பங்கு உதிரும் தூள். மட்கவும் மட்காது. மில்களுக்குப் பின்னால் குன்று குன்றாகக் குவிந்து கிடக்கும். எரித்தார்கள், பள்ளத்தில் கொட்டினார்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகம், சிப்பிக் காளானின் விதையையும் யூரியாவையும் அடுக்கடுக்காகத் தூவி அதை உரமாக்கும் வழியைக் கண்டுபிடித்துச் சொன்னது. வெளிநாட்டவர் கேட்டது உரமாக அல்ல. மட்காமலே கொடு என்றார்கள்! தன் எடையைப் போல எட்டு மடங்கு தண்ணீர் பிடிக்கும், பல வருடம் உருக்குலையாது, காய்ந்தாலும் மறுபடி தண்ணீரைச் சுலபமாக வாங்கிக்கொள்ளும். இத்தனைக்கும் 1860-களிலேயே இங்கிலாந்துத் தோட்டக்காரர்கள் இந்தத் தூளைப் பயன்படுத்திவிட்டுப் பிறகு மறந்துபோனவர்கள்தான். இன்று இந்தியக் கயிறு ஏற்றுமதியில் பணமதிப்பில் முதலிடம் கயிற்றுக்கும் பாய்க்கும் இல்லை. செங்கல்லாக அழுத்திக் கப்பலேறும் இந்தக் 'கோகோ பீட்'டுக்குத்தான்.

ஆனால் எனக்கு ஓர் உறுத்தல் உண்டு. நார்த்தூளில் இயல்பாகவே உப்பு இருக்கும். ஏற்றுமதித் தரத்துக்கு அதை நல்ல தண்ணீரில் கழுவிக் கழுவி வடிக்க வேண்டும். அவர்கள் ஊர்ச் சதுப்பைக் காப்பாற்ற, மழை குறைந்த கொங்கு நாட்டின் கிணற்றுத் தண்ணீர் செலவாகிறது. கழுவிய பழுப்புத் தண்ணீர் நிலத்தடியில் இறங்குகிறது என்று அந்தப் பக்கத்து விவசாயிகள் புகார் சொல்லி வருகிறார்கள். லண்டன் கடையில் 'சூழலுக்கு உகந்தது' என்று மூட்டையில் அச்சடிக்கும்போது இந்தக் கணக்கு அதில் வருவதில்லை.

மேனாம்பேட்டுக்கே திரும்புவோம். ஏரித் தண்ணீரில் நெல் விளைந்த பூமி அது. 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை தொடங்கியது, மெல்ல வயல்கள் மனைகளாயின. 2011-ல் அம்பத்தூரோடு சேர்ந்து சென்னை மாநகராட்சிக்குள் வந்தது. மெர்ட்டனில் நடந்த அதே கதை! தொட்டிக்கு ஒரு கூடை மண் வேண்டும் என்றால், அள்ள இடமில்லை. கடையில் கோகோ பீட் கட்டிதான். வாளித் தண்ணீரில் போட்டால் உப்புமா மாதிரி பொங்கி வரும்.

அதை வைத்து நண்பர் இரண்டாவது செடியையும் கிட்டத்தட்ட கொன்றுவிட்டார். இந்த முறை நேர் எதிர்க் காரணம்! கோகோ பீட்டின் மேற்பரப்பு சீக்கிரம் வெளுத்துக் காய்ந்துவிடும். கீழே விரல் விட்டால் குளுகுளுவென்று ஈரம். மேலே பார்த்து ஏமாந்து அவர் ஊற்ற ஊற்ற, அடியில் வேர் மூச்சுத் திணறியது. பீட்டில் தட்டைப் பார்த்து ஏமாந்தார், கோகோ பீட்டில் மேற்பரப்பைப் பார்த்து ஏமாந்தார். பிளாஸ்டிக் தொட்டியைக் குச்சியால் தட்டினாலும் பதில் வராது. மிச்சம் இருக்கும் ஒரே உபாயம் எடை. ஊற்றி வடிந்ததும் ஒரு முறை தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். அந்தக் கனத்தைக் கை ஞாபகம் வைத்துக்கொள்ளும். அடுத்த நாள் தூக்கும்போது லேசாக இருந்தால் ஊற்றுங்கள், இல்லையென்றால் வேண்டாம்.

எந்தச் செடிக்கு எவ்வளவு என்று அந்தச் செடியே தீர்மானிக்கட்டும் என்று விட்டவர்களும் உண்டு. சுமார் 2,000 வருடத்துக்கு முந்தைய சீன வேளாண் நூல் ஒன்று, மண்பானையைக் கழுத்து வரை புதைத்து, நீர் நிரப்பி, சுற்றிலும் முலாம்பழ விதை போடச் சொல்கிறது. பானைச் சுவர் வழியே தண்ணீர் கசியும். சுற்றிலும் காய்ந்தால் வேகமாக, ஈரமாக இருந்தால் மெதுவாக. 1970-களில் ஹரியானாவின் கர்னாலில் உள்ள மத்திய உவர்நில ஆராய்ச்சி நிலையத்தில் ஆர்.சி. மண்டல் இதே பானைப் பாசனத்தைச் சோதித்து, உப்பு மண்ணிலும் காய்கறி எடுக்க முடிகிறது என்று காட்டினார்.

2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, சென்னை முழுக்க லாரிக்குக் குடத்தோடு நின்றோமே, ஞாபகம் இருக்கிறதா? அந்த வருடத்திலிருந்தே நண்பர் வீட்டில் தண்ணீர் விஷயத்தில் கறார். 'தட்டில் வழிந்ததெல்லாம் காசு கொடுத்து வாங்கின தண்ணி' என்று அவர் மனைவி சொன்னதுதான் அவரைச் செடியின் சாவை விட அதிகமாகச் சுட்டதாம்.

பால்கனியின் பெரிய தொட்டியில் இப்போது ஒரு மண் கலயம் கழுத்து வரை புதைந்திருக்கிறது. மேலே ஒரு மூடி. சுற்றிலும் கீரை. மற்ற தொட்டிகளைக் காலையில் ஒவ்வொன்றாகத் தூக்கி இறக்குகிறார். போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தபோது ஒரு தொட்டியை என் கையில் கொடுத்து, “சொல்லுங்க பார்ப்போம், இதுக்கு இன்னிக்குத் தண்ணி வேணுமா, வேணாமா?” என்று கேட்டார். வேண்டும் என்றேன். தப்பு!